பாஜுபைரின் வாசலில் தேனீக் கூட்டம்

அன்பு உம்மாவுக்கு ஸலாம். முழங்கால் வலி தணிந்ததா? இங்கே தோஆன் பள்ளத்தாக்கில் இலந்தை பூத்திருக்கிறது. நாங்கள் இருவரும் நலம்.

நேற்று எங்கள் பெரிய பெட்டியின் தேனீக் கூட்டம் பறந்துபோய், நாங்கள் கூடாரம் போட்டிருக்கும் தோட்டத்தின் சொந்தக்காரர் பாஜுபைரின் வாசல் நிலையில் அடைந்துவிட்டது. அவர் கொதிநீர்க் கெண்டியோடு வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஊத்தாதீங்க மாமா! அல்லா வஹீயா சேதி அனுப்புன உசுரு. கொல்லக் கூடாதுன்னு நபி சொல்லியிருக்காங்கல்ல?"

"அப்ப நான் எந்த வழியா உள்ள போறது முஸ்னா?"

ஆனாலும் கெண்டியை இறக்கிவிட்டார். அந்திவரை எங்கள் கூடாரத்தில் உட்கார்ந்து, சோற்றில் உப்பில்லை என்று திட்டியபடியே சாப்பிட்டார். பிறகு, தேனீக்கள் அடங்கியதும், உங்கள் மருமகன் கூட்டத்தைப் பெட்டியில் இறக்கினார். ஒருவரையும் கொட்டவில்லை, சுவர்ச் சுண்ணாம்பு துளியும் உதிரவில்லை. பாஜுபைர் நிலையைத் தடவிப் பார்த்து, "என் வீட்டுக்கு வந்த விருந்தாளியில இதுங்கதான் ஒழுங்கு" என்றார்.

அந்தப் பெட்டியில் முன்பே எடுத்த தேனை அனுப்பியிருக்கிறேன். அதில் நிவாரணம் உண்டென்பது இறைவன் வாக்கு. இங்கே இஞ்சிப்பொடி தீர்ந்துவிட்டது. முழங்கால் ஆறியதும் நீங்களே கொண்டு வாருங்கள். கடிதத்தையும் தேனையும் கொண்டுவரும் லாரி கிளம்புகிறது.

உங்கள் மகள்,
முஸ்னா