உன் காரை இப்போது நான் ஓட்டுகிறேன்

இன்று காலை மழை விட்டதும் உன் காரின் கதவைத் திறந்தேன். உள்ளே அடைபட்டிருந்த தைல வாசனை முகத்தில் வந்து மோதியது. உன் அப்பா மார்பில் தேய்த்துக்கொள்ளும் அதே நீலகிரித் தைலம். சீட்டுக் கவரை இரண்டு முறை மாற்றியாயிற்று. பின்சீட்டை விட்டு அது போக மாட்டேன் என்கிறது. நீ போய் இரண்டு வருடமாகிறது. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

பெங்களூர் ரயிலில் பதினோரு வருடம் ஒரே பெட்டியில் போய்வந்து சிநேகிதமானவர்கள் நாம். ஒருநாள் பங்காருபேட்டை வருவதற்குள் திடீரென்று, "கார் வாங்கப் போறேண்டி" என்றாய். நான் சிரித்துவிட்டேன்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறே? ஆட்டோல கோலார் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எங்கப்பாவுக்கு உயிர் போய் உயிர் வருது. தூசி படாம உக்கார அவருக்கு ஒரு சீட்டு வேணும். அவ்ளோதான்."

தங்கச் சுரங்கத் தூசி முப்பது வருடம் படிந்த நுரையீரல் அவருடையது. அதன்பிறகு நான் சிரிக்கவில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பதினான்கு வருடம் ஓட்டிய சின்ன கார் அது. வெளிறிப்போன நீலம். ஏசி கிடையாது. டிரைவர் பக்கக் கண்ணாடி தானாக இறங்கும்; அட்டையை மடித்துச் சொருகி வைத்தாய். ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுசாக ஒடித்தால் ஹாரன் தானே அலறும். ஒருமுறை மாரியம்மன் கோயில் முன்னால் திரும்பும்போது அது நிற்காமல் அலற, பூசாரி தட்டோடு வெளியே வந்து பார்த்தார். நீ ஜன்னல் வழியாக அவரைக் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய். குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் போனட்டைத் தட்டி, "எழுந்திரு கண்ணு, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்பாய்.

ஸ்கெலட்டன் குடியிருப்பில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய உங்கள் லைன் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. தெருமுனையில் நிறுத்திவிட்டு அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துவருவாய். அவர் பின்சீட்டில் உட்கார்ந்ததும் முன்சீட்டின் முதுகில் மூன்று முறை தட்டுவார். சுரங்கத்தில் ஆளை இறக்கும் கேஜ் என்ற கூண்டு இறங்கும் முன் மூன்று மணி அடித்தால், உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்து இறக்கு என்று அர்த்தமாம். "மூணு அடிச்சாச்சு, போலாம்மா" என்பார்.

தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண் மேட்டை ஒட்டிய மைதானத்தில் இருவரும் சேர்ந்துதான் ஓட்டக் கற்றோம். பத்தே நாளில் உனக்குக் கை வந்துவிட்டது. நான் தண்ணீர்க் குழாய் மேடையில் ஏற்றி நிறுத்தினேன். இனி தொடவே மாட்டேன் என்று இறங்கி நடந்தேன். "பம்பர்தானேடி வளைஞ்சுது, நீயா வளைஞ்சே?" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாய். நான் திரும்பவில்லை.

வியாழன்தோறும் அப்பாவுக்குக் கோலாரில் வைத்தியம். ஒரு வியாழக்கிழமை உனக்குத் துணையாக நானும் வந்திருந்தேன். அவரோடு கோலாரிலிருந்து திரும்பும்போது, பங்காருபேட்டைக்குச் சற்று முன்னால் காரை ஓரங்கட்டினாய். முகமெல்லாம் வேர்வை. "இடது கை இழுக்குதுடி. நீ ஓட்டு" என்றாய். ரோட்டில் வேறு வண்டி ஒன்றும் இல்லை. எப்படி இடம் மாறி உட்கார்ந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. மார்பைப் பிடித்துக்கொண்டே, "கிளட்ச மிதி... செகண்ட் போடு... பயப்படாதே" என்று நீதான் என்னைப் பங்காருபேட்டை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுசேர்த்தாய்.

பிழைத்துக்கொண்டாய். ஆனால் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, சீக்கிரம் பெங்களூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்றார். உன்னிடம் சொன்னேன். நீ வீடு திரும்பிய அன்று நான்தான் ஓட்டினேன். உன்னை அழைத்துவர வந்த அப்பா பின்சீட்டில் இருந்தார். நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய்.

"டாக்டர் சொன்னது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். அப்பாவுக்குத் தெரிஞ்சா, மொதல்ல உன்னப் பாருன்னு ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாரு. அவரு கொஞ்சம் தேறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள உனக்கு ஏதாச்சும் ஆனா?"

"கம்முனு ரோட்டப் பாத்து ஓட்டு."

கண்ணாடியில் பார்த்தேன். அப்பா கண்மூடிச் சாய்ந்திருந்தார். சரி என்று சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து, ரயிலுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருக்கும்போதே நீ விழுந்துவிட்டாய். அது தெரியாமல், சொல்லாமல் லீவு போட்டுவிட்டாய் என்று உன்மேல் கோபத்தோடு நான் ரயிலேறியிருந்தேன். பங்காருபேட்டையில் போன் வந்தது.

காரியம் முடிந்ததும் அப்பா சாவியை என் கையில் வைத்து, "வித்துடும்மா" என்றார். விற்கவில்லை. வியாழக்கிழமைகளில் அவரைக் கோலாருக்கு இப்போது நான்தான் அழைத்துப்போகிறேன். அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், அன்று சரி என்று சொன்ன என் வாய் எனக்குக் கசக்கும்.

போன வாரம் திரும்பி வரும் வழியில் தாங்க முடியாமல் போய்விட்டது. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றார். "அவள வீட்டுக்குக் கூட்டினு வந்த அன்னிக்குப் பின்சீட்லதான இருந்தேன். மூச்சுதான் போச்சு, காது போகலை."

காரை ஓரங்கட்டினேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்:

"எனக்கு வைத்தியம் வேணாம், நீ மொதல்ல போன்னு சொல்லியிருக்கணும். வாய் வரலம்மா. இந்த வயசுலயும் எனக்கு உயிர் மேல ஆசை இருந்திருக்கு. அவ ஓட்டினு வரா, நான் பின்னால உக்காந்துக்கினு இருக்கேன். அது இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும்னு இருந்துட்டேன்."

நான் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதேன். அழுது முடித்ததும் அவர் என் தோளில் கை வைத்தார்.

"நீ ஒருத்தியே இதத் தூக்கினு திரியாதே. பாதி என்னுது."

உன்னிடம் சொல்ல நினைத்த சேதி இதுதான். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பாதியை அன்று அவரிடம் கொடுத்துவிட்டேன். மீதிப் பாதியோடு வியாழன்தோறும் கோலாருக்கு வண்டி ஓட்டுகிறேன்.