மேசைக்கு அடியில் நீண்ட கால்

காலையில் காளையின் கழுத்துப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் மாடு மறந்துபோய், நம் இங்கிலீஷ் வாத்தியாரின் கால் நினைவுக்கு வந்தது. நீ இருந்திருந்தால், "மாட்டுப் புண்ணைப் போயி அதோட சேக்காதடா, பாவம்" என்றிருப்பாய்.

திருச்செங்கோட்டில் நாம் ஐந்தாம் பாரம் படித்த வருஷம். அவருக்குக் கணுக்காலுக்குக் கீழே கரப்பான் புண். அதில் வேப்பெண்ணெயைப் பூசிக்கொண்டு, மேசைக்கு அடியில் முக்காலி போட்டுக் காலை அதன்மேல் வைத்தபடிதான் பாடம் நடத்துவார். இங்கிலீஷ் வினைச்சொல்லின் வகைகளை அவர் சொல்லிக்கொடுத்த லட்சணம் வேறெந்த மனிதனுக்கும் தோன்றாது.

"ஸ்லீப், இன்ட்ரான்சிட்டிவ். தூங்கறவன் தானே தூங்கிக்குவான், வேறெ பொருள் வேண்டாம். பிரஸ், டிரான்சிட்டிவ். அமுக்கறதுக்கு ஒரு பொருள் வேணும். எங்கே பொருள்?" என்று கேட்டுவிட்டுக் காலை நீட்டுவார். ஒரு பையன் எழுந்துபோய் அமுக்க வேண்டும். பிரிங் என்றால் வெற்றிலைச் செல்லம். ஸ்கிராட்ச் என்றால் முதுகு. துணைவினைக்கு வந்தபோது, "இது தனியா நிக்காது. பெரிய வினைக்கு ஒத்தாசையா நிக்கும், உங்களாட்ட" என்று கடைசி பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். பல்லிடுக்கெல்லாம் பாக்குத் தூள்.

என்னைப் போன்ற பண்ணையத்துப் பிள்ளைகளை அவர் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் கடலையும் நெல்லும் போய்க்கொண்டிருந்தன. கடைசி பெஞ்சுக்குத்தான் அந்த இலக்கணம். ஒருநாள் உன் முறை வந்தது.

"பொருளுதானுங்க வேணும்? இந்த மேசையை அமுக்கறனுங்க சார்" என்று இரண்டு கையாலும் மேசையை அமுக்கி, "ஐ பிரஸ் தி டேபிள்" என்றாய். பிழையில்லாத வாக்கியம். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் பெரிய பரீட்சைக்குப் பையன்களைப் பொறுக்கியபோது உன் பேர் இல்லை. எழுதினால் குமாஸ்தா உத்தியோகம், இல்லாவிட்டால் அப்பனோடு தறிக்குழி. வெண்ணந்தூரிலிருந்து உன் அப்பா ஓடிவந்தார். "சாமி, அறியாப் பையனுங்க. நீங்கதான் மனசு வெக்கோணுங்க" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வாத்தியார் உன்னைப் பார்த்துக் காலை நீட்டினார். நீ உட்கார்ந்து அமுக்கினாய், மணி அடிக்கும் வரைக்கும். அமுக்கி முடித்ததும், "லிஸ்ட் போன வாரமே சேலத்துக்குப் போயாச்சே" என்றார்.

தூ! இதை எழுதும்போதும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

கிணற்றடியில் நீ சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தாய். உன் அப்பா தண்ணீர் சேந்தி ஊற்றினார். வாடை போகவில்லை என்று மறுபடி தேய்த்தாய். அப்புறம் தறிக்குப் போனவன்தான். போன ஐப்பசியில் காலரா உன்னைக் கொண்டுபோயிற்று.

இன்று மத்தியானம் நம்மோடு படித்த இருவர் வந்தார்கள். வாத்தியாருக்கு அறுபதாம் கல்யாணமாம். மாணவர்கள் கூடிப் பாதபூஜை செய்யப் போகிறார்களாம். "தாம்பாளத்துல மொதல் சொம்புத் தண்ணி நீங்கதானுங்க ஊத்தோணும்" என்றார்கள்.

"அந்தக் காலுக்கு நான் ஊத்தமாட்டனுங்க" என்றேன்.

"குருவுங்க. தெய்வத்தாட்ட."

உன் பேரைச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது யாருங்க?" என்றார் ஒருவர். உன் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். அந்தக் காலைக்கூடச் சகித்துக்கொள்வேன், இதைச் சகிக்க முடியவில்லை. இருவரையும் உட்கார வைத்து, நீ மேசையை அமுக்கியதிலிருந்து உன் அப்பா மண்ணில் விழுந்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் எழப் பார்த்தார்கள், விடவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒருவர் திரும்பிப் பார்த்தார். "எத்தனையோ காலம் ஆயிப்போச்சு. இதையெல்லாம் இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களே?"

"அவன் இன்னும் அந்தப் பரீட்சை எழுதலைங்களே" என்றேன்.