மஸ்கெலியாக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில்

அண்ணே,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, வீட்டுக்குப் பின்னால் போய்த் தண்ணீர் வால்வைத் திறந்ததுதான். நம் பக்கத்துக்கு இப்போதும் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். தொட்டி நிரம்பியதும் அடைக்கத் தொடங்கினேன். வாய் தானாக எண்ணியது. திறக்கும்போது பதினொரு சுற்று. அடைக்கும்போது ஒன்பதிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஏதோ சருகு சிக்கியிருக்க வேண்டும். இறுக்கித் திருகாமல் மறுபடி முழுவதும் திறந்து, தண்ணீரை ஓடவிட்டு அடைத்தேன். பதினொன்று. ஈரக் கையோடு நின்று தனியாகச் சிரித்தேன். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. பாலைவனத்தில் நீங்கள் படித்த பழக்கம் வட்டகொடையில் என் கையில் இருக்கிறது.

உங்கள் வேலையை அம்மாவுக்குப் புரியவைக்க நீங்கள் பட்ட பாடு நினைவிருக்கிறதா?

"ஏன்டா, நம்ம ஊருல பீலியிலதான் தண்ணி புடிக்கிறோம். கெணத்தக் கண்ணால பாத்திருக்கியா நீ? அங்க போயி கெணத்தக் கழுவுறியாக்கும்?"

"கழுவுறதுதாம்மா. ரெண்டு மைல் ஆழம். நீயும் வா, காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுத்துருவோம்."

அம்மா சொன்னதிலும் தவறில்லை. எண்ணெய்க் கிணறு தோண்டுவது வேறு ஆட்கள். தோண்டிய கிணறு நோகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் குழு. தையல் நூலைவிடச் சற்றுத் தடித்த எஃகுக் கம்பியில் கருவியைக் கட்டி இறக்குவீர்கள். குழாயில் படிந்த மெழுகைச் சுரண்டுவீர்கள், அழுத்தம் அளப்பீர்கள், கம்பியைச் சுருட்டிக் கருவியை மேலே எடுப்பீர்கள். ஒரு விடுமுறையில் இதைச் செய்துகாட்டுகிறேன் என்று அண்ணியின் கொடிக் கயிற்றை அவிழ்த்து, ஸ்பேனரைக் கட்டிக் கூரைத் தண்ணீர்க் குழாய்க்குள் விட்டீர்கள். அது வளைவில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு வந்த மழைக்காலமெல்லாம் கூரைத் தண்ணீர் வாசலில்தான் கொட்டியது.

அடுத்த விடுமுறைக்கு உங்களோடு மஸ்கெலியாக்காரரும் வந்தார். ஒரே முகாம், ஒரே குழு. அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தும் நீங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவீர்கள். அன்று ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டபடி இருவரும் ஆளுக்குப் பாதியாக அந்தக் கதையைச் சொன்னீர்கள். நீங்கள் கம்பி சுருட்டும் வின்ச்சில், அவர் கிணற்று வாயில் வால்வுப் பக்கம். கருவி மேலே வந்துவிட்டதாக உங்கள் அளவுமானி காட்டியது. அவர் உரக்க எண்ணிக்கொண்டே வால்வை அடைத்தார். இருபத்தொன்றில் அடைபட வேண்டிய சக்கரம் பதினெட்டில் நின்றது.

"மணலா இருக்கும், இறுக்குடான்னு கத்துனேன். வெயிலு, பசி, மேலதிகாரி வேற பாத்துக்கிட்டு நிக்கிறாரு. இவன் சக்கரத்துல இருந்து கைய எடுத்துட்டான்."

"மாட்டேன்னு சொன்னேங்க. வேற ஒன்னும் சொல்லல."

திறந்து பார்த்தபோது கருவி வால்வுக்குள் பாதியில் தொங்கியது. இறுக்கியிருந்தால் கம்பி அறுந்து எல்லாம் கிணற்றுக்குள் போயிருக்கும். அளவுமானியைச் சரியாகப் பூச்சியத்தில் வைக்காதது உங்கள் பிழை. அதை நீங்களே சொன்னீர்கள். "நான் சொன்னா ஆமான்னு தலையாட்ட பத்து பேரு இருக்கான். மாட்டேன்னு சொன்னவன் இவன் ஒருத்தன்தான்" என்று அவர் முதுகில் அறைந்தீர்கள்.

அண்ணி அடுப்படியிலிருந்து, "அப்ப வீட்டுலயும் எண்ண ஒரு ஆள் வேணும். ரெண்டு ரொட்டி போதும்னு சொல்லிட்டு அஞ்சு திங்கிறாரு" என்றார். மஸ்கெலியாக்காரர், "ஆறுங்க" என்றார். அப்படி ஒரு சிரிப்பு அதன் பிறகு இந்த வீட்டில் கேட்கவில்லை.

அடுத்த வருடம் முகாமில் உங்கள் இதயம் நின்றுபோனது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து லொறியில் உங்கள் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அவர்தான். பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் பஸ் ஏறி வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார். அடைத்துக் கிடந்த அந்தக் கூரைக் குழாயைக் கழற்றி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் வந்தவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. "டீச்சர், ஒரு விசயம் கேக்கணும். தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க" என்றார். அண்ணியைக் கட்டிக்கொள்ள விரும்புகிறார். அண்ணியிடம் கேட்டேன். பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். நெடுநேரம் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. "எனக்குச் சம்மதந்தான், தங்கச்சி. ஆனா அத்த வேணாம்னா வேணாம்."

அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார். "பெட்டியோட வந்தவன்டி அவன். அவன் மூஞ்சியப் பாத்தா எம் புள்ளைய எறக்குனதுதான் கண்ணுல நிக்குது."

அவரிடம் "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்காகத்தான் தள்ளிப்போடுகிறேன் என்று என்னையே நம்பவைத்தேன். அது பொய், அண்ணே. அண்ணி போய்விட்டால், நீங்கள் ரொட்டி தின்ற கணக்கை யாரிடம் பேசுவேன் என்பதுதான் என் பயம். உங்களை என்னோடு வைத்துக்கொள்ள, முப்பத்தெட்டு வயதுப் பெண்ணை உங்கள் படத்துக்கு விளக்கேற்ற நிறுத்திவைத்திருந்தேன். அம்மாவாவது வாய்விட்டு அழுதார். நான் படித்தவள் அல்லவா, நாசூக்காக நாள் கடத்தினேன்.

வெள்ளிக்கிழமை அவர் திரும்பிப் போகிறார். பதில் கேட்டு ஒரு போன்கூட எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். நேற்று அண்ணி நீங்கள் குளிருக்குப் போடும் பழைய ஜம்பரைத் துவைத்து, மடித்து, என் அலுமாரியில் வைத்தார். "ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். கேட்க வேண்டியதை அப்படிக் கேட்டார்.

நாளை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. ஹட்டன் போய் மஸ்கெலியா பஸ் பிடிப்பேன். சம்மதம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்காருவேன். ஏசட்டும், அழட்டும், சாப்பிடாமல் கிடக்கட்டும், பக்கத்திலேயே இருப்பேன். கல்யாணத்தன்று கோயிலுக்கு அம்மா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

உங்கள் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சை நீங்கள் போட்டீர்கள். மற்ற இரண்டையும், மாப்பிள்ளையின் தங்கை என்ற உரிமையில், அண்ணியின் பின்னால் நின்று நான் போட்டேன். மஸ்கெலியாக்காரருக்கு உடன்பிறந்த பெண்கள் யாருமில்லை, அண்ணே. அவர் தாலி கட்டும்போது அந்த இடத்தில் நானே நிற்பேன்.