ஒன்பதாவது விரல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

வாய் திறந்தால் வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

"தொண்டையில கட்டி வந்ததுக்குக் காரணம் ஒரு வைரஸ். உடலுறவு மூலமா தொத்துறது. உள்ள வந்து பல வருஷம் ஆகியிருக்கலாம். எப்ப, யார்கிட்ட இருந்துன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நீ மடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்து ஒன்பதாவதில் நிறுத்தினாய். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் மாற்றலாகித் தனியாக இருந்த ஊரை நீயும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து "மாத்திரை போட்டாச்சா?" என்பதைத் தவிர உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. திட்டித் தீர்த்திருந்தால் தூங்கியிருப்பேன்.

நாளை அறுவை சிகிச்சை. பேச்சு பழையபடி வருமா என்று தெரியாதாம். பாப்பாவுக்கு இந்த வைரஸுக்கான தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே.

நீ ரயில் ஏறும் நிலையத்தில் நான் பதிவு செய்து கொடுத்த அறிவிப்பு மட்டும் தினமும் ஒலிக்கும். காதைப் பொத்திக்கொண்டாலும் விடாது. உன் எட்டு மணி வண்டி என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது? 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று என் குரல் சொல்லும்போது, அந்த 'றோம்' என்பதை மட்டும் 'றேன்' என்று கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா