சாவிக்கு விட்ட தேங்காய் எண்ணெய்

மச்சான்,

இன்று காலை பால்கனியில் வெயில் விழுகிற மூலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. மார்கழிக் குளிருக்கு உள்ளே வெள்ளையாக உறைந்து கிடந்தது. என் மனைவிதான் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவள் ஊரிலிருந்து இந்த அரபு நாட்டுக்கு, சத்வாவுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். பாலைவனத்தில் எண்ணெய் உறைகிறது என்பது அவளுக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. நான் அந்த பாட்டிலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவள் அதைக் கவனித்ததில்லை.

கீழே போய் வண்டியில் சாவியைப் போட்டேன். பாதி வரைக்கும் போய் நரநரவென்று நின்றது. மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டு மேலே வந்து பென்சிலைத் தேடினால் சட்டைப் பையில் இல்லை. மகள் எடுத்து ஷார்ப்னரில் விட்டுத் திருகப் போனாள். "வை கீழே" என்று போட்ட சத்தத்தில் பிள்ளை அழுதேவிட்டது. அவளிடம் நான் சத்தம் போட்டதே இல்லை. வீட்டில் எல்லாரும் சத்தம் போடுவது என்னிடம்தான்.

"ஒரு துண்டு பென்சிலுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டுக்கொண்டே மனைவி பாட்டிலை நீட்டினாள். "சாவி சிக்குதுன்னா ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்களேன். இப்பதான் உருகிச்சு."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். அப்போது கம்பெனி ஸ்டோர் உன் பொறுப்பு. கண்டெய்னர், கேட், டூல் பெட்டி என்று அத்தனை பூட்டுகளும் வெட்டவெளி மணலில் கிடக்கும். ஒன்றுகூடச் சிக்கினதில்லை. காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, பிளேடால் சுரண்டி, கறுப்புத் தூளைச் சாவியில் தடவி உள்ளே விடுவாய். நான் டிரைவர். லைசென்ஸ் நாலாவது தடவையில் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பிலும் எனக்கு அப்படித்தான், இரண்டு வருஷம் ஆகியும் அந்த பெஞ்சுக்கு என்னைப் பிரிய மனம் வரவில்லை. நாம் இருவரும் பட்டுக்கோட்டைப் பக்கம். ஒரே ரூம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

கம்பெனி பிக்கப்பில் சாவி முரண்டு பிடிக்க ஆரம்பித்தபோது உன்னைத்தான் கூப்பிட்டுக் காட்டினேன். நீ குனிந்து துவாரத்தில் ஊதிப் பார்த்தாய்.

"மாப்ளே, மணல் மாவு மாதிரி உள்ள போய் உக்காந்திருக்கு. வெள்ளிக்கிழமை லீவுல பெட்ரோல் விட்டுக் கழுவி, பென்சில் தூள் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் அலுங்காம திருப்பு. எண்ணெய் மட்டும் காட்டிராத. எண்ணெயும் மணலும் சேந்தா சாந்து."

"இங்க டிரைவர் நீயா நானா?"

"நீதான். அதனாலதான் ரெண்டு தடவை சொல்றேன்."

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. நீ ஸ்டோருக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தலைக்குத் தேய்க்க ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைத் துவாரத்தில் விட்டேன். ரெண்டு சொட்டு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், விட்டது ஒரு கரண்டி இருக்கும். சாவி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திரும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் நீ கேட்டாய். "சாவி எப்படியிருக்கு?"

"தானா சரியாயிருச்சு."

"தானாவா? எண்ணெய் கிண்ணெய் விட்டியா?"

"சேச்சே."

"அப்ப உன் கைராசிதான்" என்று சிரித்தாய். ஆனாலும் வியாழக்கிழமை பென்சிலைச் சீவி, பிளேடையும் ஒரு டப்பாவில் பெட்ரோலையும் ஜன்னல் ஓரத்தில் எடுத்து வைத்தாய். நான் சொன்னதை நம்பவில்லை என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வியாழன் ராத்திரி திடீரென்று குளிர் இறங்கியது. வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லி முடிந்து, கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. மற்ற நாலு பேரும் சைட்டிலேயே தங்கல், ரூமில் நாம் இருவர்தான். நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாய். போர்வைக்குள் நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன், உன் பனியன் வேர்வையில் ஒட்டிக் கிடக்கிறது.

"நெஞ்சுமேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு மாப்ளே. வாயுவாத்தான் இருக்கும்."

வாயு இல்லை என்று உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சட்டையைப் போட்டுவிட்டேன். அந்த நிலைமையிலும் கையை நீட்டிப் பென்சிலை எடுத்துப் பையில் செருகிக்கொண்டாய். தாங்கிப் பிடித்து பிக்கப்பில் உட்கார வைத்தேன்.

சாவி உள்ளே போனது. அதோடு சரி. திரும்பவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

"ஸ்டியரிங்கை இப்படி அப்படி ஆட்டிக்கிட்டே திருப்பு. முரட்டுத்தனம் பண்ணாத, ஒடிஞ்சிரும்" என்றாய். ஆட்டினேன். திருப்பினேன். பெரிய ரோட்டுக்கு ஓடி ஒரு டாக்சியைப் பிடித்திருக்கலாம். ஓடினால் ஐந்து நிமிஷம். ஆனால் ஒவ்வொரு தடவையும் இதோ திரும்பிவிடும், இந்தத் தடவை திரும்பிவிடும் என்றே பட்டது. என் கைராசியை நம்பினேன். அரை மணி நேரம் நம்பினேன் மச்சான்.

நீ சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாய்.

"தேங்கா எண்ணெய் வாசம் வருது."

"என் தலை" என்றேன்.

அந்த நேரத்தில்கூட உண்மை வாயில் வரவில்லை. சொல்லியிருந்தால் நீ அப்போதே வழி சொல்லியிருப்பாய். இதைத்தான் நான் பிறகு எண்ணி எண்ணிப் பார்த்தது. நீ இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தாய். நான் சொல்வதற்கு இடம் கொடுத்தாய் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாய்.

"தீப்பெட்டி இருக்கா? சாவியைச் சுடு."

மணல் சிக்கின பூட்டுக்கு யாரும் நெருப்பு காட்ட மாட்டார்கள். உறைந்த எண்ணெய்க்குத்தான் காட்டுவார்கள். ஒரு குச்சி, இரண்டு குச்சி, ஏழெட்டுக் குச்சி. சாவிக் காது கறுத்தது. கொதிக்கிற சாவியை வெறும் விரலால் திருப்பினேன். உருகின எண்ணெய் என் பெருவிரல்மேல் வழிந்தது, திருப்பியதும் என்ஜின் பிடித்தது.

"கலாஸ். போ" என்றாய். ஸ்டோரில் லோடு இறங்கி முடிந்ததும் சொல்வாயே, அதே குரலில். அதற்குமேல் நீ பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் இந்தியில் கேட்டார், வலி எப்போது ஆரம்பித்தது என்று. "அபி, சாப். தஸ் மினிட்" என்றேன். இப்போதுதானாம், பத்து நிமிஷமாம். அவர் அதை நம்பி எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து என் தோளில் கை வைத்தார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயம். திரும்பி வந்து வண்டியில் ஏறினால் உன் பென்சில் சீட்டில் கிடந்தது. வியாழக்கிழமை சீவிய முனை அப்படியே இருந்தது.

ஊரில் உன் மனைவிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, நான்தான் கடிதம் எழுதினேன். வேறு யார் எழுதுவது? ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கொண்டுபோனேன் என்று எழுதினேன். எழுதும்போது விரலில் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை, எழுத்தெல்லாம் கோணல். அழுதுகொண்டே எழுதியதாகத் தங்கச்சி நினைத்துக்கொண்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் தங்கச்சியிடமிருந்து கடிதம் வருகிறது. "அண்ணே, கடைசி நேரத்துல கூடப்பிறந்தவங்க மாதிரி நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கலைன்னு நீங்க எழுதினதைத்தான் பிள்ளைகிட்ட அடிக்கடி படிச்சுக் காட்டுறேன்." என் பொய்யை உன் பிள்ளை மனப்பாடமாகப் படிக்கிறது மச்சான். நான் பாடப்புத்தகத்தைக்கூட அப்படிப் படித்ததில்லை.

இன்று வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் பாட்டிலை எடுத்து முந்தானையில் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து, "அந்த அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"பொங்கலுக்கு அவங்க கடுதாசி வர்றதுக்கு முந்தி நீங்க எழுதிருங்க."

உட்கார்ந்தேன். 'அன்புள்ள தங்கச்சிக்கு, நலம், நலமறிய ஆவல்.' அதற்குக் கீழே பேனா நகரவில்லை. மூன்று தாள் வீணானது. நாலாவது தாளில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாமலே எல்லாம் தெரிந்தவன் நீ ஒருவன்தானே.

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுப்பதைப் பார்க்கிற புது ஆட்கள் என்னைப் படித்தவன் என்று நினைத்து ஃபாரம் நிரப்பித் தரச் சொல்கிறார்கள். அது உன் பென்சில். என் சாவிகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் தூள். இன்று மகளைச் சமாதானப்படுத்திவிட்டுக் கீழே போய், சுரண்டித் தடவிப் போட்டேன். சாவி திரும்பியது. இப்போது பென்சில் சுண்டுவிரலில் பாதியளவுக்கு வந்துவிட்டது. அது தீர்வதற்குள் தங்கச்சிக்கு உண்மையை எழுதிவிடுவது என்று எப்போதோ எனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

அதனால்தான், மச்சான், கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறேன்.