தியானத்துக்குப் போகவில்லை

மாதா கோயிலிலிருந்து வந்ததும் இதைப் படி. கண்ணாடி டிவி மேல் இருக்கிறது. கேஸ்காரன் வருவான், சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து வாங்கு, அவன் பேச்சை நம்பாதே.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று நாள் மௌன தியானத்துக்கு என் பெயரைக் கொடுத்தாயே! வாயை மூடிக்கொண்டிருக்க நான் பஸ் ஏறிப் போகவேண்டுமா? நாலு நாளாக நீயும் நானும் பேசாமல் இந்த வீட்டில் அதுதானே நடக்கிறது.

படிவத்தில் 'குடும்பத்தில் யாரோடாவது மனஸ்தாபம் உண்டா' என்று கேட்டிருந்தார்கள். நீயே 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தாய். வேதம் படிக்கப் போகிற இடத்திலேயே பொய்யா? அதை அடித்துவிட்டு, 'மூத்த மகன், இரண்டு வருஷம்' என்று எழுதிக் கொடுத்தேன். வந்தது வினை. காலையில் தியான வீட்டு சிஸ்டர் போன் செய்து, "ஐயா, முதல்ல உங்க மகனைப் போய்ப் பாருங்க, அப்புறம் இங்க வாங்க. உங்க இடத்தை வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்" என்கிறாள். இவளுக்கு என்ன வந்தது?

அதனால் நம் பெரியவன் வீட்டுக்குப் போகிறேன்.

என் டிரில் மெஷினை அவன்தான் திருடினான் என்று அவன் வேலையாட்கள் முன்னால் கத்தினேன் அல்லவா? மறுவாரமே அது என் கட்டிலடியில் கிடைத்தது. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. திட்டுவதை நான் வந்தபிறகு திட்டு.

நான் வருவதை அவனுக்குப் போன் செய்து சொல்லிவிடாதே. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவான், என் பிள்ளைதானே.

ராத்திரிக்கு எனக்கும் சேர்த்துச் சமைத்து வை. அவன் கதவைத் திறந்தால் அந்தச் சோறு வீணாய்ப் போகட்டும்.