பதினான்கு ‘ஆம்’

மார்ச் 4
இன்று ஒன்பது படிவங்களையும் நானே நிரப்பினேன். எங்கள் ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், எங்களுக்குச் சரக்குத் தருகிற ஒவ்வொருவரிடமும் பதினான்கு கேள்விகள் கேட்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கிறீர்களா, அடுப்புக்கு விறகு எரிப்பதைத் தவிர்க்கிறீர்களா, அட்டைப்பெட்டியைத் திரும்பப் பயன்படுத்துகிறீர்களா... சரக்குத் தருகிறவர்களுக்கோ படிவத்தில் உள்ள ஆங்கிலம் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார்கள். கொள்முதல் பிரிவில் நான் சேர்ந்த நாளிலேயே மேலாளர் சொல்லிக்கொடுத்த வழிதான்: எல்லாவற்றுக்கும் ‘ஆம்’. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

மார்ச் 19
வேடிக்கை! அந்த நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பட்டியலில், சாயப்பட்டறைகளிலேயே எங்கள் சாயப்பட்டறைக்காரர்தான் முதல் இடமாம். நேரில் பார்க்க அங்கிருந்து ஓர் அம்மாள் வருகிறாராம், ஏப்ரல் 2.
வேடிக்கையா இது? எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டவள் நான்தானே.

மார்ச் 20
கணவரிடம் சொன்னேன். "பரீட்சையில பக்கத்து பெஞ்சுக்கும் சேர்த்து நீயே எழுதினவதானே!" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 23
பட்டறைக்குப் போனேன். பத்தொன்பது பேர் வேலை செய்கிறார்கள். முழங்கை வரை நீலம் ஏறிய கையால் பட்டறைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பின்பக்கம் சுத்திகரிப்புத் தொட்டி விரிசல் விட்டு, உள்ளே செடி முளைத்துக் கிடக்கிறது. சாயத் தண்ணீர் நேராக ஓடைக்குப் போகிறது.
"முதல் இடமா! அப்படி நாம என்னம்மா எழுதினோம்?" என்றார்.
‘நாம’ என்கிறாரே மனுஷன்! எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.
"தொட்டி ஓடுதான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 24
மேலாளர்: "தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிச்சு, ரெண்டு நாள் சாயத்த நிறுத்தி வைக்கச் சொல்லு. வர்றவங்க பார்த்துட்டுப் போயிடுவாங்க. நீ வாயத் திறக்காத."
உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும். பொய் வெளியே வந்தால் மட்டும் போகாதா? அந்தப் பத்தொன்பது பேர் எங்க போவாங்க? ஐயோ, எனக்கு ஒண்ணுமே ஓடல.

ஏப்ரல் 2
அந்த அம்மாள் காரை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டேன் — படிவத்தில் இருக்கும் பதில்கள் என்னுடையவை, பட்டறைக்காரருடையவை அல்ல. மேலாளர் பார்த்த பார்வை இருக்கிறதே! பட்டறைக்காரர் மட்டும் முன்னால் நடந்து, "வாங்க, உடைஞ்ச தொட்டியக் காட்டுறேன்" என்றார். மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் ஓடைக்கரையில் வெகுநேரம் நின்றார். மற்ற எட்டுப் படிவங்களும் இப்படித்தானா என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஏப்ரல் 9
ஒரு தகவலும் இல்லை.

ஏப்ரல் 17
கடிதம் வந்தது. முதல் இடம் போயிற்று, ஆர்டர் போகவில்லை! உள்ளதை உள்ளபடி காட்டியதால் ஆறு மாதம் தவணை. தொட்டியைச் சரிசெய்ய ஒரு பொறியாளரையும் அனுப்புகிறார்கள். ஒன்பது படிவங்களையும் அவரவரைக் கேட்டு மறுபடி எழுத வேண்டும். அது முடிந்ததும் நான் கொள்முதல் பிரிவை விட்டுக் கிடங்கு வேலைக்குப் போக வேண்டுமாம், மேலாளர் உத்தரவு. போகிறேன், அதற்கென்ன.

ஏப்ரல் 21
பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்துச் சொன்னேன். அவர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். "அதுவும் இல்லம்மா, எழுதுங்க." பத்து ‘இல்லை’. மூன்றுக்குப் ‘பாதி’ என்றார். அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினேன். கடைசிக் கேள்வி: மேற்கண்டவை அனைத்தும் உங்களுக்கு விளங்கினவா?
"இதையும் அன்னைக்கு நீங்களே போட்டுட்டீங்களா?" என்று சிரித்தார். "இப்ப ஆமான்னு போடுங்க."